பத்து நாள் கதவு

மார்ச் 3, செவ்வாய்

சிவப்பு பதினொன்று, மஞ்சள் இருநூற்று நாற்பது. வெள்ளையை யாரும் எண்ணுவதில்லை.

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது. சிவப்புப் பிழை இருந்தால் வெளியிடக் கூடாது. மஞ்சள் இருந்தால் வெளியிட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளை இருந்தால் பார்த்துக்கொள்ளவே வேண்டாம். முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள்.

வெளியீடு ஏப்ரல் 2. ஜனவரியிலேயே நிறுவனத்தின் தலைவர் மேடை ஏறி, சட்டைக் கையை மடித்து வாட்சைக் காட்டி, தேதியையும் சொல்லிவிட்டார். எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆகஸ்ட் என்றிருப்போம். ஆகஸ்டில் கேட்டால் அடுத்த மார்ச் என்றிருப்போம். அதனால்தான் கேட்பதில்லை போலிருக்கிறது.

மாமனார் இன்று முப்பத்தெட்டு முறை விழுந்தார். மாமனார் என்பது பழைய சட்டைக்குள் மணல் அடைத்த எழுபது கிலோ பொம்மை. அவர் கையில் வாட்சைக் கட்டி, முக்காலியில் உட்கார வைத்துத் தள்ளிவிடுவோம். ஆள் விழுந்ததை வாட்ச் தானே தெரிந்துகொண்டு, இருபது விநாடி பார்த்துவிட்டு, முன்பே கொடுத்துவைத்த எண்களுக்குப் போன் போட வேண்டும். அதுதான் எங்கள் சரக்கு. முப்பத்தெட்டில் முப்பத்தாறு முறை போட்டது. பொம்மைக்கு இப்படிப் பெயர் வைத்திருப்பது என் சொந்த மாமனாருக்குத் தெரியாது.

மார்ச் 4

காலையில் அக்கா போன் செய்தாள். "வாட்ச் எப்பத்தான்டி வரும்? அண்ணன் மாடி ரூமுக்குப் பெயின்ட் அடிச்சு முடிச்சுட்டாராம். கலர் பிடிச்சிருக்கான்னு போட்டோ வேற அனுப்பறார்."

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பதில் வலிப்பு வந்தது, போகவில்லை. மாத்திரை சாப்பிட்டும் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வரும். மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறாள். துணி திருத்தித் தைத்துக் கொடுக்கிறாள்: இடுப்புப் பிடிப்பது, நீளம் குறைப்பது, கிழிசலை மறைப்பது. பிப்ரவரியில் சமையலறையில் விழுந்து இரண்டு மணி நேரம் கிடந்தாள். அதிலிருந்து அண்ணன் ஒற்றைக் காலில் நிற்கிறார், தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று. அக்கா, "உங்க வீட்டுல நான் எத்தனை வருஷம் விருந்தாளியா இருக்கறது?" என்றாள். பேச்சு தடித்தது. நடுவில் புகுந்தது நான்தான்.

"அவ விழுந்தா அது சொல்லுமா?" என்று அண்ணன் கேட்டார்.

"சொல்லும்ணா. என் பொறுப்பு."

அந்த வாட்ச் வரும்வரைதான் அக்காவுக்குத் தவணை.

மார்ச் 9, திங்கள்

ஒரு வாட்சைச் சனிக்கிழமைக்கு முன்பே மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிட்டிருந்தேன். இன்று எடுத்தால் சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்து கிடந்தது. சார்ஜ் போட்டேன், உயிர் வந்தது, மணி சரியாகக் காட்டியது, பச்சைப் புள்ளி எரிந்தது. பச்சைப் புள்ளி என்றால் ‘நான் விழித்திருக்கிறேன், நீ விழுந்தால் சொல்கிறேன்’ என்று அர்த்தம்.

மாமனாருக்குக் கட்டித் தள்ளினேன். போன் வரவில்லை. மறுபடி தள்ளினேன். பதினொரு முறை தள்ளினேன்.

சார்ஜ் முழுவதும் தீர்ந்துபோனால், விழுவதைக் கவனிக்கும் பகுதி மறுபடி எழுந்திருப்பதில்லை. ஆனால் புள்ளி மட்டும் எரிகிறது. அமைப்புக்குள், அதாவது செட்டிங்ஸுக்குள் போய், அந்தப் பகுதியை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. ஏழு விநாடி வேலை. ஆனால் செய்ய வேண்டும் என்று தெரிந்தால்தானே செய்வார்கள்?

சிவப்பு என்று பதிந்தேன். பன்னிரண்டு.

மார்ச் 12, வியாழன்

வியாழக்கிழமைதோறும் நிறக் கூட்டம். பன்னிரண்டு சிவப்போடு உள்ளே போனோம், ஐந்தோடு வெளியே வந்தோம். மூன்று நிஜமாகவே சரிசெய்யப்பட்டவை. மீதி நான்கு உட்கார்ந்த இடத்திலேயே மஞ்சளாயின.

கூட்டத்தை நடத்துகிறவர் வெளியீட்டுத் தலைவர். ஆபீசில் அவருக்குக் காலண்டர் என்று பெயர். எனக்கு முட்டுக்கட்டை என்று பெயர். இருவருக்கும் தெரியும், இருவரும் தெரியாததுபோல நடந்துகொள்கிறோம்.

"யார் மேடம் வாட்சை முழுசா தீர விடுவாங்க?"

"தனியா இருக்கறவங்களுக்குத்தானே சார் விக்கறோம். ஞாபகப்படுத்த வீட்டுல ஆள் இருக்காது."

"எத்தனை பேருக்கு இப்படி நடக்கும்?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா அரிதுன்னுதானே அர்த்தம்?"

இந்த வாதத்துக்கு எனக்கு இருபது வருஷமாகப் பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை, சிவப்பாகவே வைத்தேன். அக்காவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சொந்தக் கதையைக் கொண்டுவந்து மேசையில் போடுவது எனக்குப் பிடிக்காது.

காலண்டர் கெட்டவர் இல்லை. வெளியில் இருப்பவர்கள், உள்ளே யாரோ கையைத் தேய்த்துக்கொண்டு ‘ஓட்டை உடைசலையே வித்துடலாம்’ என்று திட்டம் போடுவதாக நினைக்கிறார்கள். அப்படி ஒருவர் இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். இங்கே இருப்பது கப்பல் ஏறிவிட்ட மூன்று லட்சம் பெட்டிகள், ஏப்ரல் 10 என்று தேதி சொல்லிவிட்ட போட்டி நிறுவனம், அப்புறம் ஒரு தைரியம். பிழை இருந்தால் என்ன, திருத்தத்தைப் பின்னால் அனுப்பினால் அதுவே போய் ஏறிக்கொள்ளும் என்கிற தைரியம். அது வந்த நாளிலிருந்து யாருக்கும் எதையும் முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரம் இல்லை. ஆரம்பித்துக் கொடுத்தால் போதும்.

மார்ச் 18

பிழையைத் தேடுகிறவன் மின்கலப் பகுதியை எழுதும் நிரலாளன். மௌனி என்று கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு எட்டு வார்த்தை பேசினால் அதிகம். இன்று நான்கு: "தீந்துபோகவே ரெண்டு நாள் ஆகுது."

உண்மைதான். ஒரு தடவை பிழையைப் பார்க்க இரண்டு நாள் வாட்ச் தீர்வதற்குக் காத்திருக்க வேண்டும். அவன் மேசையில் இருபது வாட்சுகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்கின்றன.

மார்ச் 23, திங்கள்

கதவு மூடியாயிற்று.

வெளியீட்டுக்கு முந்தைய பத்து நாள் யாரும் நிரலில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. இதற்கு ஆபீசில் ‘பத்து நாள் கதவு’ என்று பெயர். கொண்டுவந்தது நான். மூன்று வருஷத்துக்கு முன் கடைசி நாளில் ஒரு நல்ல பையன் ஒரு நல்ல திருத்தம் கொண்டுவந்தான். இரண்டே வரி. நான் பார்த்தேன், சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாள் காலை நாற்பதாயிரம் வாட்சுகள் கல்லாகக் கிடந்தன. ஒன்றைக்கூட எழுப்ப முடியவில்லை.

அன்றிலிருந்து என்னிடம் யாரும் "ரெண்டே வரிதான் மேடம்" என்று சொன்னால் அந்த நாற்பதாயிரத்தை நினைவுபடுத்தித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மார்ச் 24

மௌனி வந்து நின்றான். "கண்டுபிடிச்சுட்டேன் மேடம். ரெண்டே வரிதான்."

மார்ச் 25

திருத்தத்தை நான்கு முறை படித்தேன். சரியாகத்தான் இருக்கிறது. அன்றும் சரியாகத்தான் இருந்தது.

வாட்ச் உயிர் பெறும் இடத்தில் கை வைக்கிறான். அந்த இடத்தைத் தொட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். மூன்று வாரம் ஆகும். இருப்பது எட்டு நாள். சோதிக்காமல் உள்ளே விட்டால் ஒருவேளை எல்லாம் சரியாக இருக்கும். ஒருவேளை மூன்று லட்சம் கல்.

காலண்டரிடம் போனேன். அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"கதவு உங்களோடது மேடம். நீங்க திறந்தா நான் தடுக்க மாட்டேன். திறக்கலேன்னா, சிவப்பு ஒண்ணு இருக்கற வரைக்கும் வெளியிட முடியாது, நிறம் மாறணும். ரெண்டுல ஒண்ணு நீங்கதான் முடிவு பண்ணணும்."

மூன்றாவது ஒன்று இருந்தது, தேதியைத் தள்ளுவது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அறையில் அது இருப்பதாகவே இருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

மாலை ஐந்து மணிக்கு என் கையாலேயே சிவப்பை மஞ்சளாக்கினேன். ‘எத்தனை முறை நிகழும்’ என்ற கட்டத்தில் ‘அரிது’. ‘மாற்று வழி உண்டா’ என்ற கட்டத்தில் ‘உண்டு’. திருத்தம் ஆறு வாரம் கழித்து அடுத்த பதிப்பில் போகும். மௌனி தலையை மட்டும் ஆட்டினான்.

கவனக்குறைவால் பிழை வெளியே போகும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இது அளவுக்கு மீறிய கவனத்தால் போகிறது.

மார்ச் 27

வாட்சோடு போகும் குறிப்பில் இந்தப் பிழையைச் சொல்லியாக வேண்டும் என்று அடம் பிடித்தேன். ஒத்துக்கொண்டார்கள். நான் எழுதியது:

‘சார்ஜ் முழுவதும் தீர்ந்துபோனால், மறுபடி சார்ஜ் போட்ட பிறகும் இந்த வாட்ச் நீங்கள் விழுவதைக் கவனிக்காது. பச்சைப் புள்ளி எரிந்தாலும் நம்ப வேண்டாம். அமைப்புக்குள் போய் ஒருமுறை அணைத்துப் போடவும்.’

விளம்பரப் பிரிவு திருப்பி அனுப்பியது: ‘சார்ஜ் முழுவதும் தீர்ந்தபின், ஒருமுறை அணைத்துப் போடுவது நல்லது.’

வக்கீல் திருப்பி அனுப்பியது: ‘சிறந்த அனுபவத்துக்கு, அவ்வப்போது அமைப்புகளைச் சரிபார்க்கவும்.’

பதினேழாவது குறிப்பாக வந்திருக்கிறது. எழுத்து எறும்பு அளவு.

ஏப்ரல் 2

வெளியிட்டோம். கேக் வெட்டினார்கள். தலைவர் திரையில் தோன்றி, சிவப்புப் பிழை ஒன்றுகூட இல்லாத முதல் வெளியீடு என்று பாராட்டினார். கைதட்டினோம். நானும் தட்டினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்காவுக்கு வாட்ச் கட்டிவிட்டேன். அண்ணன் தானே வந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அக்கா கட்டிலருகே நின்று மெத்தைமேல் தொபுக்கென்று விழுந்தாள். இருபது விநாடியில் என் போனும் அண்ணன் போனும் ஒன்றாக அடித்தன. மூன்றாவது எண்ணுக்கு யாரைப் போடுவது என்று தெரியவில்லை, காலியாக விட்டிருக்கிறோம்.

"பரவாயில்லையே!" என்றார் அண்ணன். அவர் வாயிலிருந்து அது வந்தால் பெரிய விஷயம். "சரி. இது வேலை செய்யற வரைக்கும் நீ இங்கயே இரு. நான் வாயத் திறக்கல."

அக்கா வாட்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். பச்சைப் புள்ளியைக் காட்டி, "இது எரிஞ்சா எல்லாம் சரின்னு அர்த்தமா?" என்று கேட்டாள்.

"ஆமா. தினமும் காலைல நியூஸ் கேக்கற நேரத்துல சார்ஜ் போட்டுடு. விடாம போடணும்."

"ஏன்?"

"பேட்டரிக்கு நல்லது."

அண்ணன் பக்கத்திலேயே இருந்தார். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே பெட்டி கட்டச் சொல்லியிருப்பார். அவர் போனதும் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் போனபோது அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். தினமும் சார்ஜ் போட்டால் பிழையே வராது. ஆறு வாரத்தில் திருத்தமும் வந்துவிடும். இடையில் எதற்குக் கலவரம்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 14

தினமும் காலையில் அக்காவுக்குப் போன். "சார்ஜ் போட்டியா?" "போட்டாச்சு போட்டாச்சு. பாப்பாவுக்குப் பால் குடுத்தியான்னு கேக்கற மாதிரி கேக்கறே."

அந்த இரண்டு வரித் திருத்தத்தின் வேலையை இப்போது நான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 23

விற்பனை எதிர்பார்த்ததைவிட அதிகமாம். வாட்சின் வார் நிறம் வெளிறுகிறது என்று நானூறு புகார்கள்.

மே 7, வியாழன்

அடுத்த பதிப்புக்கான கூட்டம். மௌனியின் திருத்தம் பட்டியலில் இல்லை. கேட்டேன்.

"நடந்த தூரத்தைக் காட்டற வசதி இல்லேன்னு கடைக்காரங்க கத்தறாங்க மேடம். போட்டிக்காரன் குடுத்துட்டான். ஆளெல்லாம் அதுல இருக்காங்க. மஞ்சளை எல்லாம் அதுக்கடுத்த பதிப்புக்குத் தள்ளியாச்சு."

"இது சாதாரண மஞ்சள் இல்ல சார்."

காலண்டர் திரையில் தேடி எடுத்துப் படித்தார். குரலில் குத்தல் இல்லை, சும்மாதான் படித்தார். "அரிது. மாற்று வழி உண்டு. பதிஞ்சது நீங்கதானே மேடம்?"

நான்தான்.

புதிதாக ஒன்றைச் செய்தவனுக்கு மேடையில் இடம் உண்டு. இருந்ததைச் சரிசெய்தவனுக்கு நாற்காலிகூடக் கிடையாது. மௌனிக்கு இது பழகிவிட்டது. வார் நிறத்துக்கு மட்டும் திருத்தம் போகிறது, நானூறு பேர் எழுதியதால். விழுந்தும் போன் போகாதவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

மே 19

அக்கா கட்டடத்தில் மின்கம்பி மாற்றுகிறார்களாம். நாளை வரை கரண்ட் இல்லை. அவள் போன் செய்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். "சரி சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். துணி கொடுத்தவர்கள் திட்டப்போகிறார்கள் என்று புலம்பினாள்.

மே 20

மாலையில் போன் செய்தேன். கரண்ட் வந்துவிட்டதாம்.

"வாட்ச்?"

"செத்துப்போச்சு. இப்பத்தான் சார்ஜ் போட்டுக் கட்டினேன். பச்சை எரியுது."

"நல்லது" என்றேன்.

மே 21, வியாழன்

விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். உயிருக்கு ஒன்றுமில்லை. தோள்பட்டை எலும்பு முறிவு, நெற்றியில் ஆறு தையல்.

‘நல்லது’ன்னு சொன்னேன். நான். பதினோரு தடவை மாமனாரைத் தள்ளிப் பாத்த நான். அவ ‘செத்துப்போச்சு’ன்னு சொல்றா, ‘பச்சை எரியுது’ன்னு சொல்றா, வார்த்தைக்கு வார்த்தை நான் பதிஞ்ச பிழை — எனக்கு உறைக்கவே இல்லையே? எங்க இருந்தது புத்தி?

மே 22

இன்று கொஞ்சம் நிதானமாக எழுத முடிகிறது.

நேற்று காலை பதினோரு மணிக்குத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது வலிப்பு வந்திருக்கிறது. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்திருக்கிறாள். நினைவு திரும்பியபோது இடது கையைத் தூக்க முடியவில்லை. போன் மேலே மேசையில். வாட்ச் கையில், புள்ளி எரிந்துகொண்டிருக்கிறது. இதோ வந்துவிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறாள். கத்திப் பார்த்திருக்கிறாள், தெருச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் தரையில் இருந்த மெஷின் பெடல் வலது கைக்கு எட்டியிருக்கிறது. அதை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இருந்திருக்கிறாள்.

மூன்று மணிக்குக் கோட்டு வாங்க வந்த ஒரு பெண் வாசல் மணியை அடித்திருக்கிறாள். யாரும் திறக்கவில்லை, ஆனால் உள்ளே மெஷின் விட்டு விட்டு ஓடுகிறது. "தைக்கறவங்க இப்படித் தைக்க மாட்டாங்களேன்னு தோணுச்சு" என்றாள் என்னிடம். காவலாளியைக் கூட்டிவந்து கதவைத் திறக்க வைத்தவள் அவள்தான்.

நான்கு மணி நேரம்.

அண்ணன் மத்தியானம் வந்தார். வந்ததும் என்னைத்தான் பார்த்தார். "எனக்கு ஏன் போன் வரல?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அக்கா சொன்னாள்: "நான் கழட்டி வெச்சிருந்தேண்ணா. தைக்கும்போது இடிச்சுது."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. "இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அந்தப் பொருளை நம்பலாம், உன்னை நம்ப முடியாது. போதும். நேரா என் வீட்டுக்குத்தான்."

அக்கா சரி என்றாள். இந்த ஒரு சரிக்காக அவர் மூன்று மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மே 24

அக்காவிடம் சொல்லிவிட்டேன். மார்ச் 9இலிருந்து எல்லாவற்றையும்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. "ஏதோ கோளாறாயிடுச்சு, உன் வேலைக்கு வம்பு வந்துடப்போகுதுன்னுதான் நான் அப்படிச் சொன்னேன். உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சம்பந்தமில்லாததுபோல ஆரம்பித்தாள்.

"போன வருஷம் ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு உடுப்பு தெச்சேன். தேதி நெருங்கிடுச்சு, வலது கைக்கு ஓட்டுத்தையல்தான் போட முடிஞ்சுது. அப்படியேதான் குடுத்தேன். நான் ஒண்ணும் யோக்கியம் இல்ல. ஆனா சொல்லிக் குடுத்தேன்டி. கையைத் தூக்காதேம்மா, தூக்கினா பிரிஞ்சுடும்னு. அந்தப் பொண்ணு கல்யாணம் முழுக்கக் கையைத் தூக்கல. போட்டோவுல எல்லாம் ஏதோ அடி வாங்கின மாதிரி கையை மடக்கிக்கிட்டே நிக்குது."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தோள் வலித்தது. வலி அடங்கியதும் சொன்னாள்: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏழு விநாடி அணைச்சுப் போட்டிருப்பேனே."

"அண்ணன்கிட்ட நான் சொல்லிடறேன்க்கா."

"சொல்லணும்னு உனக்குத் தோணினா சொல்லு. நான் சொன்னதை நான் மாத்த மாட்டேன்."

மே 25

மஞ்சளை மறுபடி சிவப்பாக்க ஒரே வழி, வாடிக்கையாளர் அடிபட்டதாகத் தானே எழுதிக் கொடுக்கும் படிவம். மடிக்கணினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பெடல் விஷயத்தையும் சேர்க்கச் சொன்னாள். கடைசிக் கேள்வி: ‘இந்தக் குறை எவ்வளவு கடுமையானது? ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கவும்.’

திரையை அவள் பக்கம் திருப்பினேன். அக்கா பார்க்கவில்லை.

"நிறம் நீ போடு. அது உன் வேலைதானே?"

மே 28, வியாழன்

நிறக் கூட்டத்தில் காலண்டர் படிவத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பெடல் வந்த இடத்தில் நிறுத்தி, மீதியை மனதுக்குள் படித்தார். பிறகு நடந்த தூரத்தை நிறுத்திவைத்து எல்லோரையும் இதில் இறக்கினார். மூன்று வாரம் ஆகும் என்று நான் சொன்ன சோதனையை, இருக்கிற ஆட்கள் எல்லோரும் சேர்ந்தால் மூன்றரை நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். மார்ச்சில் எல்லோரையும் இதில் இறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

பழைய புகார்களைக் கிளறினோம். இதே மாதிரி ஒன்பது. ஒன்பதையும் வாடிக்கையாளர் சேவை ஒரே வரியில் மூடியிருந்தது: ‘விழுந்த சமயத்தில் அணிந்திருக்கவில்லை.’ அக்காவின் பொய் அங்கே ஏற்கனவே அச்சடித்துத் தயாராக இருந்தது. ஒன்பது பேரையும் திரும்ப அழைத்தோம். இரண்டு இடத்தில் போனை எடுத்தது வேறு யாரோ.

முடிந்ததும் காலண்டர் என்னை நிறுத்தினார். "பேரைப் பாத்தேன். உங்க அக்காவா மேடம்?"

"ஆமா சார்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருந்தால் தேதியைத் தள்ளியிருப்பாரா? தள்ளியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. மூன்று லட்சம் பேருக்காக நகராத தேதி ஒரு அக்காவுக்காக நகர்ந்திருக்கும்.

ஜூன் 3

திருத்தம் போய்விட்டது. இரண்டு வரி. ஒரு வாட்சும் கல்லாகவில்லை. குறிப்பில் போட்டிருப்பது: ‘சிறு திருத்தங்களும் மேம்பாடுகளும்.’

ஜூன் 7, ஞாயிறு

மெஷினை அண்ணன் வீட்டு மாடிக்கு ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. படி குறுகலாக இருந்ததால் கடைசியில் கீழ்க் கூடத்திலேயே போட்டார்கள். அண்ணன், "இங்கயே தெச்சுக்கோ, எல்லாரும் கண்ணுல படற இடம்" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். அக்கா நூல் டப்பாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பழைய வீட்டுச் சாவி என்னிடம். மாதக் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

அண்ணனிடம் இன்றும் சொல்லவில்லை. சாமான் இறக்கும் நேரத்தில் எப்படி என்று — எத்தனை சாக்கு!

ஜூன் 12

சாவியைப் பார்க்கும்போதெல்லாம் நாளை என்று தோன்றுகிறது. நானும் பதிப்பு பதிப்பாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 16, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை காலி வீட்டைப் பெருக்கப் போனபோது இழுப்பறையில் அக்காவின் வாட்ச் கிடந்தது; ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்ததை நான்தான் அங்கே போட்டிருந்தேன். சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்திருந்தது. இன்று ஆபீசுக்கு எடுத்துப்போய்ச் சார்ஜ் போட்டேன். திருத்தம் தானாக ஏறியது. பச்சைப் புள்ளி வந்தது. மறுபடி சார்ஜ் தீரவிட்டுப் பார்ப்பதுதான் முறை. அதற்கு இரண்டு நாள் ஆகும் என்பதால், மௌனி இப்போது தானே செய்துவைத்திருக்கும் ஒரு கருவியில் மாட்டி, ஒரு மணி நேரத்தில் சார்ஜை வடித்துக் கொடுத்தான். மீண்டும் சார்ஜ். மீண்டும் பச்சை.

மாமனார் கையில் கட்டினேன். வாட்சில் இருந்த எண்களை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம், ஆனால் இந்தக் குறிப்பை யாரும் படிக்கப்போவதில்லை. மறக்கவில்லை.

தள்ளினேன். இருபது விநாடி. என் போன் அடித்தது. ‘அக்கா விழுந்திருக்கிறார்.’

அடுத்த நிமிஷம் அண்ணன் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. "சின்னவளே, என்ன இது? அவ இங்கதானே இருக்கா, என் கண்ணு முன்னாடி உக்காந்து தெச்சுக்கிட்டு இருக்கா!" அவர் குரலுக்குப் பின்னால் மெஷின் ஓடுவது கேட்டது. சீராக, நீளமாக.

"ஒண்ணுமில்லண்ணா. வாட்ச் என்கிட்ட இருக்கு. வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"அது எப்பவும் வேலை செஞ்சுதே? அவதானே கழட்டி வெச்சா?"

மௌனி எழுந்து அறைக்கு வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

"அவ கழட்டலண்ணா" என்றேன். "கையிலதான் இருந்துச்சு. வேலை செய்யாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அவளுக்கு நான் சொல்லல. அவமேல எந்தத் தப்பும் இல்ல. அந்த வீட்டுச் சாவியை நான் இன்னும் திருப்பிக் குடுக்கல."

அண்ணன் எழுந்து நடப்பது கேட்டது. பிறகு, போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மெஷின் நின்றது.